கிராம சபை: எங்கள் ஊர்ப்பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் இடையில் இருக்கிற ஒரு சிறிய ஊராட்சி எங்களுடையது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கிராம சபைக்குத் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன். டீக்கடையில், பால் சொசைட்டியில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் ஆட்கள் நிறுத்திக் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கிராம சபை என்றால் என்ன? தலைவர் கூட்டுகிற கூட்டம்தானே?

தலைவர் கூட்டுகிறார், தலைமை தாங்குகிறார். ஆனால் சபை ஊருடையது. அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 3ஆவது பிரிவு கிராம சபையைப் பற்றிச் சொல்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்ததுதான் கிராம சபை. சட்டமன்றத்துக்குப் போக ஜெயித்து வரவேண்டும். இங்கே உங்கள் வீட்டில் ஓட்டு உள்ள பாட்டியும் உறுப்பினர், பதினெட்டு வயசு ஆன பேத்தியும் உறுப்பினர்.

நோம்பி (கோயில் திருவிழா) சாட்டுவதற்குக் கோயிலில் கூடுகிறோமே, அங்கே நாலு பெரியவர்கள் பேசி முடிப்பார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தப் பழக்கத்திலேயே கிராம சபைக்கும் வந்து உட்கார்ந்துவிடுகிறோம். ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, திட்டங்களுக்கான பயனாளிகள் பட்டியலைப் பார்ப்பது, வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் கேட்டுத் தெரிந்துகொள்வது எல்லாம் இந்தச் சபையின் வேலை. தலையாட்ட மட்டும் போனால் இது அத்தனையும் வீணாகிறது.

எனக்கு ஓட்டு ஊரில், வேலை திருப்பூரில் பனியன் கம்பெனியில். நான் பேசலாமா?

ஓட்டு எங்கே இருக்கிறதோ அங்கே நீங்கள் உறுப்பினர். தாராளமாகப் பேசலாம். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. எங்கள் பகுதியில் பத்து வருஷம் வாடகைக்குக் குடியிருந்தும் ஓட்டை மாற்றாமலே இருக்கிற குடும்பங்கள் நிறைய. தண்ணீர் வராவிட்டால் அவர்களுக்கும்தான் கஷ்டம். ஆனால் சபையில் அவர்கள் கணக்கில் வருவதில்லை. குடியிருக்கிற ஊருக்கு ஓட்டை மாற்றிக்கொள்ளுங்கள். இது பலரும் யோசிக்காத விஷயம்.

எப்போது நடக்கும்? எங்கள் ஊரில் நடந்ததாகவே தெரியவில்லையே!

வருஷத்துக்கு ஆறு முறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கும் பழையவை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என்ற இரண்டும் 2022இல் சேர்ந்தவை. முதல் நான்கும் விடுமுறை நாட்கள் என்பதால் கம்பெனிக்குப் போகிறவர்களும் வரலாம். பெரும்பாலும் காலை 11 மணிக்குத் தொடங்கும்.

ஏழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கூட்டத்தை ஒரே குக்கிராமத்தில் நடத்தாமல் சுழற்சி முறையில் மாற்றி மாற்றி நடத்த வேண்டும் என்றும், மதச் சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது என்றும் அரசு அறிவுறுத்துகிறது. நிறைய ஊர்களில் ஊராட்சி அலுவலகக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டால் அறிவிப்பு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். தோட்டத்துச் சாளையில், அதாவது காட்டுக்குள் தனி வீட்டில், குடியிருக்கிறவருக்கு அந்தத் தாள் எப்படித் தெரியும்? நாங்கள் கேட்டுக் கேட்டு, இப்போது ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறார்கள். பால் சொசைட்டிச் சுவரிலும் ஒட்டச் சொல்லுங்கள். காலையும் மாலையும் ஊரே வந்து நிற்கிற இடம் அது.

எத்தனை பேர் வந்தால் செல்லும்?

ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், 10,000க்கு மேல் போனால் 300 பேர்.

இந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் சில இடங்களில் வேலைத் தளத்துக்கே நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குகிற வழக்கம் வந்தது. எனக்கு இது மனசை உறுத்துகிற விஷயம். வெயிலில் மண் வெட்டிக்கொண்டிருக்கிற ஒரு அம்மாவிடம் காரணம் சொல்லாமல் கைநாட்டு வாங்குவது அவருடைய உரிமையை எடுத்துக்கொள்வதுதான். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று கேளுங்கள். நோட்டின் மேற்பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள்.

இப்போது தலைவரே இல்லையே, அப்புறம் யாரிடம் கேட்பது?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் உள்ளிட்ட நம் மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பிறகு தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். இதற்கு முன்னும் 2016 அக்டோபர் முதல் 2019 கடைசி வரை இதே நிலைதான் இருந்தது.

தலைவர் நாற்காலி காலியாக இருக்கலாம், கிராம சபை காலியாவதில்லை. தனி அலுவலர் காலத்திலும் கூட்டம் நடக்கிறது, தீர்மானம் பதிவாகிறது. சொல்லப்போனால் இந்த மாதிரிக் காலத்தில்தான் நாம் கட்டாயம் போக வேண்டும். தலைவர் என்றால் ராத்திரி எட்டு மணிக்கும் வீட்டுக் கதவைத் தட்டி “அண்ணா, தண்ணி வரலைங்க” என்று சொல்லலாம். பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கிற அலுவலரிடம் அது நடக்காது. அவருக்கு நம் ஊர் தெரிய வேண்டும் என்றால் நாம் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

பேசினால் மட்டும் என்ன நடந்துவிடப் போகிறது?

பேசினால் மட்டும் ஒன்றும் நடக்காது. நானே இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வளவுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) ஆற்றுத் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் குக்கிராமத்துக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து எங்கள் பக்கம் பிரிகிற இடத்தில் வால்வு பழுது. நான்கு கூட்டங்களில் எழுந்து பேசினேன். நன்றாகப் பேசியதாகச் சொல்லிக் கை தட்டினார்கள், டீயும் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் ஓடிப்போனது. ஐந்தாவது கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் என் கையைப் பிடித்து, “தம்பி, நீ பேசுனதெல்லாம் மைக்கோட போச்சு. நோட்டுல ஏறுச்சான்னு பாத்தியா?” என்றார்.

கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நான்கு கூட்டத்துக்கும் ஒரே வரி: “குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது. ஆவன செய்யப்படும்.” எந்த வளவு, என்ன பழுது, யார் சரிசெய்ய வேண்டும், எதுவும் இல்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு யாரையும் எதுவும் கேட்க முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து போனோம். தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி எடுத்துப்போய்ப் படித்து, அப்படியே நோட்டில் ஏற்றச் சொன்னோம். ஊராட்சிச் செயலர் முதலில் தயங்கினார். எட்டுப் பேரும் நின்றுகொண்டே இருந்ததால் எழுதினார். நகல் கேட்டு விண்ணப்பம் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் வால்வு மாறியது. வால்வின் விலை எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு ஆகிற பூச்செலவுகூட இருக்காது.

அதனால் யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: கூட்டம் முடிந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். நோட்டு மூடுகிறவரை இருங்கள்.

தீர்மானத்தை எப்படி எழுதுவது?

பெரிய இலக்கணம் எதுவும் வேண்டாம். எந்த இடம், என்ன குறை, யார், எதற்குள் செய்ய வேண்டும் என்ற நான்கும் இருந்தால் போதும். ஒரு காரியத்துக்கு ஒரு தீர்மானம். ஏழு குறைகளை ஒரே பத்தியில் அடைத்தால் ஏழும் “ஆவன செய்யப்படும்” ஆகிவிடும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டி போகிற தடம். காடையும் உடும்பும் இருந்த இடம். இப்போது ஜேசிபி வந்து ஒரே நாளில் வேலியைப் பிடுங்கித் தோட்டத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கிற நாலு குடும்பத்துக்கு வழி இல்லாமல் போகிறது. இதைப் பற்றிப் பேசப் போகிறவர் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (எந்த சர்வே எண் யாருடையது என்ற பதிவு) பார்க்க வேண்டும். எல்லா இட்டேரியும் அரசுப் புறம்போக்கு இல்லை. சில பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகின்றன. வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால், தீர்மானம் இப்படி இருக்கலாம்:

“இன்ன குக்கிராமம், சர்வே எண் இன்னதில் உள்ள வண்டிப்பாதைப் புறம்போக்கை அளந்து எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்பு இருப்பின் அகற்றித் தருமாறு வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்வது எனவும், இத்தீர்மானத்தின் நகலை 15 நாட்களுக்குள் அனுப்பிவைப்பது எனவும் இச்சபை தீர்மானிக்கிறது.”

பட்டா நிலத்துக்குள் ஓடுகிற தடம் என்றால் கிராம சபையால் முடிக்க முடியாது. பேசித்தான் தீர்க்க வேண்டும், முடியாவிட்டால் சிவில் கோர்ட். அதைச் சபையில் கொண்டுவந்து சண்டையாக்கினால் அன்றைய கூட்டம் முழுக்க அதிலேயே போய்விடும். பார்த்திருக்கிறேன்.

வரவு செலவு கேட்டால் கோபப்படுகிறார்களே?

கோபப்பட்டாலும் கேட்கலாம், அது உங்கள் உரிமை. ஊராட்சிக்குப் பணம் முக்கியமாக மூன்று வழியில் வருகிறது. வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், தொழில் வரி என்று நம்மிடம் வாங்குவது ஒன்று. மாநில நிதிக்குழு மானியம் இன்னொன்று. மூன்றாவது மத்திய நிதிக்குழு மானியம். 15ஆவது நிதிக்குழுவின் 2021 முதல் 2026 மார்ச் வரையான காலத்துக்கு இந்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதியாக இருந்தது. அதில் பாதி குடிநீருக்கும் பாதி சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவிட முடிந்தது. மிச்சம் 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கு ஏற்பத் திட்டமிட முடிந்தது. “பணம் இல்லைங்க” என்ற பதில் வரும்போது, எந்தக் கணக்கில் இல்லை என்று கேட்க இந்த மாதிரி ஒரு விவரம் போதும்.

சபையில் வரவு செலவை பேனராக வைக்க வேண்டும். அதன் முன்னால் பத்து நிமிஷம் நில்லுங்கள். மோட்டார் ரிப்பேர், தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், இதர செலவு என்று இருக்கும். நான் எப்போதும் மோட்டார் ரிப்பேரிலிருந்துதான் தொடங்குவேன். எந்த போர் (ஆழ்துளைக் கிணறு), எத்தனை தடவை பழுதானது என்பது அந்த வளவுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் நம் போர் மோட்டாரை எத்தனை தடவை வெளியே எடுத்தார்கள் என்று ஒரு அக்கா சாதாரணமாகக் கேட்டார். அவ்வளவுதான், அடுத்த கூட்டத்திலிருந்து ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி வரி வந்துவிட்டது. குற்றம் சாட்டாமல், தெரிந்துகொள்கிற குரலிலேயே கேளுங்கள். முக்கால்வாசி நேரம் செலவு நியாயமாகத்தான் இருக்கும். அப்படி இருந்தால் அதையும் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். நேர்மையாகக் கணக்கு வைக்கிற செயலருக்கு அந்த ஒரு சொல்தான் கிடைக்கிற மரியாதை.

ஊராட்சியின் ஆண்டுத் திட்டம் இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் ஏறுகிறது. காலேஜ் படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் காட்டுவார்கள்.

ஊராட்சியால் முடியாதது எது?

பட்டா மாறுதல், நில அளவை வருவாய்த் துறை. மின்சாரம் மின்வாரியம். ரேஷன் கடை கூட்டுறவும் உணவு வழங்கலும். பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறை. இவற்றுக்கும் சபையில் கோரிக்கைத் தீர்மானம் போடலாம். ஆனால் அது பரிந்துரைதான் என்று தெரிந்து போட வேண்டும்.

தீர்மானம் போட்டும் வேலை நடக்கவில்லை என்றால்?

நகலை எடுத்துக்கொண்டு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போங்கள். ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பி.டி.ஓ. இருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவர் கிராம ஊராட்சிகளுக்கானவர். அங்கேயும் அசையவில்லை என்றால் மாவட்ட ஆட்சியர். ஊராட்சிகளின் ஆய்வாளர் பொறுப்பு அவருக்கே உண்டு. திங்கட்கிழமை நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு தீர்மான நகலையும் சேர்த்துக் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். போக வர முடியாதவர்கள் 1100க்குக் கூப்பிட்டுப் பதியலாம். தோட்டம், வாய்க்கால் சம்பந்தப்பட்டது என்றால் மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டம் பொருத்தமான இடம்.

அடுத்த வழி தகவல் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலன் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பயப்பட வேண்டாம், ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள், மழுப்பலான பதில்தான் வரும். “இன்ன தேதித் தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல்” என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

பெண்கள் பேசினால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்களே?

பார்க்கிறார்கள், உண்மைதான். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016இல் சட்டமானது. அப்படி ஜெயித்து வந்த ஒரு தலைவி மேடையில் உட்கார்ந்திருக்க, அவருடைய வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்துப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அமைதியாக எழுந்து, “தலைவி சொல்லட்டுங்க, நாங்க கேக்கறோம்” என்று சொல்வது தப்பே இல்லை. சொன்னதும் அந்த அம்மா எழுந்து பேசினார், நன்றாகவே பேசினார். வாய்ப்புத்தான் தேவைப்பட்டது.

மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறவர்களுக்கு இதில் பெரிய பலம் உண்டு. தமிழ்நாட்டில் அந்தக் குழுக்கள் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. வாரம் தவறாமல் கூடி, கணக்கு எழுதி, கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். நோட்டு எப்படி எழுதப்பட வேண்டும் என்பது ஊரில் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தனியாகப் போகாமல் குழுவாகப் போங்கள், ஒன்றாக உட்காருங்கள். தண்ணீர், தெருவிளக்கு, சுகாதார வளாகம் பற்றிய கேள்விகளை முந்தின வாரக் குழுக் கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காலனி ஆட்கள் பின்னால்தான் உட்கார வேண்டியிருக்கிறது. இதை யார் கேட்பது?

நான் கேட்க வேண்டும். முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். பின்னால் உட்கார வைக்கப்பட்டவர்களே கேட்கட்டும் என்று விடுவது அநியாயம்.

நம் கொங்குப் பகுதியில் உழைப்பைப் பற்றியும் விருந்தோம்பலைப் பற்றியும் பெருமையாகப் பேசுகிறோம். சரி, அதே ஊரில் கிராம சபைக்கு நாற்காலி யாருக்கு, தரை யாருக்கு என்பது சொல்லாமலே முடிவாகியிருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் இருப்பவரை நாற்காலியில் உட்காரவிடாத ஊர்கள் தமிழ்நாட்டில் செய்தியாகியிருக்கின்றன. அது குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வரும்.

செய்யக் கூடியது என்ன என்றால், எல்லோருக்கும் நாற்காலி, இல்லாவிட்டால் எல்லோருக்கும் ஜமுக்காளம். கூட்டத்தைச் சுழற்சியில் காலனியிலும் நடத்தச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். எங்கள் ஊரில் அப்படி நடத்தியபோதுதான் எங்களில் பாதிப் பேர் அந்தத் தெருவுக்குள் முதல் முறையாகப் போனோம். அங்கே சாக்கடை எங்கே தேங்குகிறது என்பதை யாரும் பேசிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. செருப்பு நனைந்து எல்லோருக்கும் தெரிந்துபோனது.

ஓடந்துறை ஊராட்சி சொந்தமாகக் காற்றாலை வைத்தது என்று சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. மேட்டுப்பாளையம் பக்கம், காரமடை ஒன்றியத்தில் இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் பத்து வருஷம் ஆர். சண்முகம் தலைவராக இருந்தார். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டுகிற மின்கட்டணம் ஊராட்சியை அழுத்திக்கொண்டிருந்தது. 2006இல் உடுமலைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே நிறுவியது. செலவு 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, 1.15 கோடி வங்கிக் கடன். ஊரின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்து, அந்த வருமானத்தில் கடனைக் கட்டினார்கள்.

“எங்களுக்கும் ஒரு காற்றாலை” என்று உடனே கேட்கத் தோன்றும். நான் அதிகம் மதிப்பது அந்த 40 லட்சம் சேமிப்பைத்தான். வரியை ஒழுங்காக வசூலித்து, செலவைப் பார்த்துச் செய்து, வருஷக்கணக்கில் சேர்த்த ஊராட்சியால்தான் வங்கி வாசலில் போய் நிற்க முடிந்தது. நம் ஊரில் வீட்டு வரி பாக்கி எவ்வளவு என்பதை அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

நாங்களே பணம் போட்டு ஒரு வேலை செய்ய முடியுமா?

முடியும். ‘நமக்கு நாமே’ திட்டம் அதற்குத்தான். 1990களின் பிற்பகுதியில் தொடங்கி, 2021இல் மறுபடியும் கொண்டுவரப்பட்டது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மிச்சத்தை அரசு தரும். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், நூலகம், குளத்துக் கரை போன்ற பொது வேலைகளுக்கு ஏற்றது. பணம் கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டில் எவ்வளவு பெரிதாகப் போடுவது என்ற தகராறில் நின்றுபோன வேலைகளும் உண்டு. அதைப் பணம் வாங்குவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

எங்கள் குளம் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஊர் என்ன செய்ய வேண்டும்?

அந்தத் திட்டம் வந்த கதையை முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தலைமுறை கேட்டுப் போராடி வாங்கியது அது. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் சாதாரணக் குடும்பத்து ஆட்கள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் திறக்கப்பட்டது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கிற உபரி நீரில் 1.5 டி.எம்.சி. (150 கோடி கன அடி) எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாகக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அதில் 971 சின்னக் குட்டைகள். அதாவது நம்மைப் போன்ற ஊர்களின் எல்லைக்குள் இருப்பவை.

உபரி நீர் என்பதால் எல்லா வருஷமும் ஒரே அளவு வராது. வருகிற நாளில் குட்டை தயாராக இருக்க வேண்டும். சீமைக்கருவேலம் அடைத்திருந்தால், கரை உடைந்திருந்தால், கோழிக் கழிவைக் கொட்டி வைத்திருந்தால் வந்த தண்ணீரும் வீண். கரை சீரமைப்பையும் மழைநீர் வருகிற பள்ளங்களைத் தூர்வாருவதையும் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். மார்ச் 22 கூட்டத்தில் போட்டால் மழைக்கு முன் வேலை தொடங்க நேரம் இருக்கும்.

ஒரத்துப்பாளையத்தை எங்கள் பகுதி ஆட்கள் மறக்க மாட்டோம். 1992இல் நொய்யலில் கட்டிய அணை, சாயக்கழிவு தேங்கிப் பாசனத்துக்கே ஆகாமல் போனது. விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். கழிவே வெளியேறாத நிலைக்குச் சாய ஆலைகள் வர வேண்டும் என்று 2006இல் உத்தரவு வந்தது. அது நடைமுறைக்கு வராததால் 2011 ஜனவரியில் ஆலைகளை மூட உத்தரவானது. கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி, ஆய்வுக்குக் கொடுத்து, அறிக்கையைச் சேர்த்து வைத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். குளத்துக்கும் அப்படிச் செய்யலாம்: மாதம் ஒரு போட்டோ, தேதியோடு.

நாங்கள் டவுனில் இருக்கிறோம். எங்களுக்கு கிராம சபை கிடையாதா?

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. 2022இல் விதிகள் வந்து, அந்த வருஷம் நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைகள் கூடின. ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்துக் கவுன்சிலர் தலைமையில் நடத்துவார்கள். கோவையிலோ திருப்பூரிலோ இருக்கிற சொந்தக்காரர்களிடம் கேட்டால் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. கவுன்சிலர் அலுவலகத்தில் போய்த் தேதி கேளுங்கள்.

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கிறார்கள். கிராம சபை தடுக்க முடியுமா?

தீர்மானம் போட்டால் மட்டுமே நின்றுவிடாது, முடிவு அரசினுடையது. ஆனால் அரசு அறிவிக்கை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும். அந்தக் காலத்துக்குள் எழுத்து மூலம் கொடுத்தால் அது கணக்கில் வரும். 2025 ஜனவரி 26 கூட்டங்களில் நிறைய ஊராட்சிகள் அப்படித் தீர்மானம் போட்டன. ஊரக வேலைத் திட்டம் போய்விடும், வரி கூடும் என்பது பயம். பாதாளச் சாக்கடை, நல்ல ரோடு வரும் என்பது ஆசை. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. தோட்டக்காரரும் கூலிக்குப் போகிறவரும் புதிதாக சைட் வாங்கி வந்தவரும் ஒரே மாதிரி நினைக்க மாட்டார்கள். மூன்று பேரும் சபையில் உட்கார்ந்து பேசிய பிறகு போடுகிற தீர்மானத்துக்கு எடை அதிகம்.

கடம்பூர், தாளவாடி மலைப் பக்கம் சொல்கிற கிராம சபையும் இதுதானா?

வேறு. வன உரிமைச் சட்டம், 2006இன் கீழ் கூடுகிற கிராம சபைதான் காட்டு நில உரிமை, கூட்டு உரிமை கோருவதைத் தொடங்கி வைக்கிறது. அதற்கான விதிப்படி உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். ஊராட்சிக் கூட்டத்தின் நடுவில் ஒரு வரியாக அதை முடித்துவிட விடாதீர்கள். தனியாகக் கூட வேண்டும்.

கேள்வி கேட்டால் பகை வந்துவிடுமே. ஒரே ஊரில் முகம் பார்த்து வாழ வேண்டாமா?

எல்லோரும் கடைசியில் கேட்கிற கேள்வி இது. எனக்கும் வந்தது. வால்வுத் தீர்மானத்துக்குப் பிறகு ஒருவர் ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. மாமன் மச்சான் உறவு வேறு. அவர் வீட்டுக் காதுகுத்துக்கு அழைப்பு வராதோ என்று என் அம்மா கவலைப்பட்டார். வந்தது. போனோம், சாப்பிட்டோம்.

அனுபவத்தில் தெரிந்துகொண்டது சில உண்டு. கூட்டத்துக்கு முந்தின நாளே செயலரிடம் “நாளைக்கு இதைக் கேக்கப் போறமுங்க, விவரம் எடுத்து வைங்க” என்று சொல்லிவிடுங்கள். திடீரென்று எல்லோர் முன்னாலும் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். ஆளைப் பற்றிப் பேசாதீர்கள், வேலையைப் பற்றிப் பேசுங்கள். தனியாக எழாதீர்கள். உங்களோடு ஐந்து பேர், அவர்களில் இரண்டு பேர் வேறு வளவுக்காரர்களாக இருக்கட்டும். கட்சிக் கரை வேட்டி வேண்டாம்.

முதல் முறை போகிறேன். என்ன எடுத்துப் போக வேண்டும்?

வாக்காளர் அட்டை. எழுதிய தீர்மானம் இரண்டு பிரதி, ஒன்று கொடுக்க, ஒன்று கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள. போன கூட்டத்துத் தீர்மான நகல் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். “போன தடவை போட்டதில் எது முடிந்தது” என்பதை முதல் கேள்வியாகக் கேட்கலாம். ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில். பத்தரைக்கே போய்விடுங்கள். மைக் செட் கட்டுகிற நேரத்தில் செயலர் கொஞ்சம் ஓய்வாக இருப்பார், பேனரையும் அப்போதே நிதானமாகப் படித்துவிடலாம். மரத்தடியில் நோட்டு வைத்திருக்கிற மேஜைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.